எண்ணெயின் அடியில் தங்கிய நீர்

1963, ஜூலை. முள்ளுக்குறிச்சிக்கு மேலே மலைச்சரிவில் வேலை செய்துகொண்டிருந்த புல்டோசரின் எஞ்சின் எண்ணெய் மாற்றப்பட்டது. மாதிரி சோதிக்கப்பட்டது. நீர் இல்லை. பரிந்துரை: ஓட்டு.

1963, ஆகஸ்ட் தொடக்கம். அதே எஞ்சின். சுடுதட்டில் லேசான பொரிவு. நீர் சிறிதளவு. பரிந்துரை: கவனி.

1963, ஆகஸ்ட் இறுதி. பொரிவு பலம். எண்ணெய் முழுவதும் வடிக்கப்பட்டுப் புதிது நிரப்பப்பட்டது.

1963, செப்டம்பர். புதிய எண்ணெயிலும் நீர். சாம்பலில் செம்பு. பரிந்துரை: நிறுத்து. பணித்தள மேலாளர் ஏற்கவில்லை.

அதே மாதம். மலைமேல் மறுசோதனை. இயந்திரம் நிறுத்தப்பட்டது. எஞ்சின் பிரிக்கப்பட்டது.

இந்த ஆண்டு, தை. என் மனைவி கமலம் காலமானாள்.

கடைசிப் பதிவு இந்த வரிசைக்கு உரியதுதானா என்று படிப்பவர் கேட்கலாம். உரியதுதான். காரணம் கீழே வரும்.

நான் பணியாற்றிய நிறுவனத்திலிருந்து இளம் பொறியாளர்கள் இருவர் சென்ற மாதம் வீட்டுக்கு வந்தார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள். விசாரித்து முடித்த பிறகு, எழுந்து போக மனமில்லாதவர்களாக, ஒரு தாளை எடுத்து நீட்டினார்கள். இப்போது ஆய்வகத்தில் ஒரு கருவி இருக்கிறது. எண்ணெயை உள்ளே விட்டால், அதில் எந்த உலோகம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதை அதுவே அச்சடித்துக் கொடுத்துவிடுகிறது. தாள் நிறைய எண்கள். "எண்ணெல்லாம் இருக்கு சார். இயந்திரத்தை நிறுத்தச் சொல்றதா வேண்டாமான்னுதான் தெரியலை. நீங்க எல்லாம் இந்தக் கருவி இல்லாம எப்படி முடிவு பண்ணீங்க?" என்று அவர்களில் மூத்தவர் கேட்டார். அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. அதற்கான பதிலை இங்கே எழுத முயல்கிறேன்.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சென்னையில் வேதியியலில் முதுகலை. பிறகு வடக்கே ஓர் இயந்திரசாலையின் ஆய்வகத்தில் பயிற்சி. அங்கே கற்றது ஒன்றுதான்: ஓடும் எஞ்சினுக்குள் கண்ணை விட முடியாது, ஆனால் எண்ணெய் அதற்குள் எல்லா இடமும் போய் வருகிறது. போன இடத்தில் தேய்ந்ததை, உடைந்ததை, கசிந்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு வருகிறது. அதைக் கேட்கத் தெரிந்தால் எஞ்சினைத் திறக்காமலே அதன் நிலையைச் சொல்லலாம். இந்த ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினேன். கல்யாணம் ஆனது. முள்ளுக்குறிச்சிக்கு அனுப்பினார்கள்.

கொல்லிமலை மேலிருந்த, 'நாடு' எனப்படும் ஊர்த்தொகுதிகளுக்கு அப்போது சரியான வண்டிப்பாதை கிடையாது. குண்டூர் நாட்டிலிருந்தும் ஆலத்தூர் நாட்டிலிருந்தும் மிளகும் பலாவும் தலைச்சுமையாகவே இறங்கின. அந்தப் பக்கம் ஒரு வழி வெட்டும் வேலையை எங்கள் நிறுவனம் எடுத்திருந்தது. மலையில் இருந்த புல்டோசர் ஒன்றே ஒன்று. அது தான் வெட்டிய வழியிலேயே ஏறிப் போனது. அதைத் தவிர, பாறையில் துளையிட உதவும் காற்றழுத்தி ஒன்று, சில லாரிகள். இவற்றின் எண்ணெயைச் சோதிக்க அடிவாரத்தில் ஒரு வாடகை வீட்டின் முன்னறையை எனக்குக் கொடுத்தார்கள். பின்பகுதியில் நானும் கமலமும் குடியிருந்தோம். ஆய்வகத்துக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு கதவுதான்.

என் சோதனைகள் மூன்று. சுடுதட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விடுவேன். நீர் இருந்தால் கடுகு தாளிப்பதுபோல் பொரியும். இல்லையென்றால் சத்தமின்றிப் பரவும். அடுத்து, வடிகட்டித்தாளில் ஒரு சொட்டு. அது காய்ந்து விரிந்த வட்டத்தின் நடுக்கருமையும் ஓரமும் எண்ணெய் எவ்வளவு அழுக்கைத் தாங்கும் நிலையில் இருக்கிறது என்று காட்டும். மூன்றாவது, எண்ணெயை எரித்துச் சாம்பலாக்கி அமிலத்தில் கரைப்பது. ஒரு மருந்து விட்டுச் சிவந்தால் இரும்பு. இன்னொன்று விட்டு நீலமானால் செம்பு. எதிலும் கரையாமல் அடியில் நறநறவென்று நின்றால் மண். இரும்பு தனியாக வந்தால் ஒரு பொருள். மண்ணோடு சேர்ந்து வந்தால் வேறு பொருள். செம்பு வந்தால், சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். இந்தச் சேர்க்கைகளை வாசிப்பதுதான் வேலை. சோதனை செய்வது அதில் சிறு பகுதி.

மாதிரிக் குப்பிகளைக் கழுவுவதைக் கமலம் தானாகவே ஏற்றுக்கொண்டாள். நான் கழுவியதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இதுல போன வாரத்து எண்ணெய் இன்னும் இருக்குதுங்க. இதை வெச்சு யார் வண்டிக்கு நோய் சொல்லப் போறீங்க?" என்று கேட்டாள். அதன்பின் நான் கழுவவில்லை. காய்ந்த தாள் வட்டங்களின் ஓரத்தில் இயந்திரத்தின் பெயரையும் மாதத்தையும் எழுதியதும் அவள்தான். என் கையெழுத்து அவளுக்குப் பிடிக்காது.

எனக்கு மேலதிகாரி வேதநாயகம். நிறுவனத்தின் தலைமை இயந்திரப் பொறியாளர், சேலத்தில் இருந்தார். வாரத்தில் ஒரு நாள் ஜீப்பில் வருவார். வாசலில் காலணியைக் கழற்றுவார். கோயில் என்பதால் அல்ல. புழுதி மாதிரியில் விழுந்துவிடும் என்பதால். நாற்காலி போட்டால் உட்கார மாட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மாதிரியை முகர்ந்து பார்ப்பார். ஒரு சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்ப்பார். அதற்கென்றே பையில் வைத்திருந்த தனிக் கைக்குட்டையில் துடைத்துக்கொள்வார். அதன் பிறகுதான் என் அறிக்கையைக் கையில் வாங்குவார். நின்றபடியே படிப்பார். கையில் சிவப்புப் பென்சில் இருக்கும்.

என் முதல் அறிக்கையில் "எஞ்சினில் தேய்மானம் அதிகரித்திருக்கலாம் எனத் தோன்றுகிறது" என்று எழுதியிருந்தேன். அவர் "இருக்கலாம்" என்பதை அடித்தார். பிறகு "எனத் தோன்றுகிறது" என்பதையும் அடித்தார்.

"உங்களுக்குத் தோணறது எனக்கு வேண்டாம்" என்றார். குரலில் கோபமில்லை. "நீங்க எழுதினதைப் படிச்சுட்டு ஒருத்தன் சாவியைத் திருகப் போறான், இல்லை, திருகாம விடப் போறான். அவன் 'இருக்கலாம்'னு பாதி திருக முடியுமா?"

அன்று அவர் ஒரு விதி வைத்தார். எந்த அறிக்கையும் மூன்று சொற்களில் ஒன்றோடுதான் முடிய வேண்டும். ஓட்டு. கவனி. நிறுத்து. நான்காவது சொல் கிடையாது. எழுதியவன் அதற்குப் பொறுப்பு. முதலில் இது எனக்கு முரட்டுத்தனமாகத் தெரிந்தது. அறிவியல் படித்தவன் தயங்கும் உரிமையைப் பறிப்பதாக நினைத்தேன். சில மாதங்களில் வேறுவிதமாக உணர்ந்தேன். சொல்ல வேண்டிய சொல் ஒன்றே என்னும்போது, அதற்கு முந்தைய எல்லாச் சோதனைகளையும் எவ்வளவு கவனமாகச் செய்ய வேண்டியிருக்கிறது என்பது புரிந்தது.

அந்த விதியின்படி நான் முதலில் எழுதிய "நிறுத்து" காற்றழுத்திக்கு. சாம்பலில் இரும்பும் மண்ணும் சேர்ந்து கிடந்தன. போய்ப் பார்த்தால் காற்று வடிகட்டி கிழிந்துபோய், அதன் இடத்தில் ஒரு பழைய வேட்டித் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். வடிகட்டி மாற்றியதும் மண் நின்றது. வேதநாயகம் அந்த அறிக்கையைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அதில் சிவப்புக் கோடு ஒன்றுகூட இல்லை. அவரிடம் பாராட்டு என்பது அதுதான்.

இனி புல்டோசருக்கு வருகிறேன்.

அதன் ஓட்டுநர் செங்கோடன். ராசிபுரம் பக்கத்துக்காரர். என்னைவிட வயதில் மூத்தவர்; உருண்டு திரண்ட உடம்பு; வாயில் எப்போதும் வெற்றிலை. புல்டோசரை "நம்ம பெரியவரு" என்பார். மலையிலிருந்து மாதிரி எடுத்து வருவது அவர்தான். குப்பியை மேசைமேல் வைத்துவிட்டு, "ஏனுங்க சார், பெரியவருக்கு ரத்தப் பரிசோதனை. சக்கரை கிக்கரை இருந்தாச் சொல்லிப்போடுங்க" என்பார். கமலம் கொடுக்கும் மோரைக் குடித்துவிட்டு, "வாரேனுங்க" என்று கிளம்புவார்.

அந்த ஆண்டு ஆவணியில் வேலை ஒரு வளைவில் வந்து நின்றது. உள்பக்கம் பாறை. வெளிப்பக்கம் நேரான பள்ளம். அடியில் ஓடை இருப்பது சத்தத்தால் மட்டும் தெரியும். வெட்டிய மண்ணை விளிம்புவரை தள்ளிக்கொண்டு போய் பள்ளத்தில் கொட்ட வேண்டும். கொட்டிய மறுகணம் பின்வாங்க வேண்டும். விளிம்பில் உள்ள மண் புதிது; அதன்மேல் அவ்வளவு பாரத்தை நிறுத்தி வைக்க முடியாது. பின்வாங்கும் அந்த நொடியில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டால், இயந்திரமும் அதில் இருப்பவரும் பள்ளத்துக்குப் போவதைத் தடுக்க யாராலும் முடியாது. இதை நான் முதல்முறை நேரில் பார்த்தபோது பாறையோரமாக ஒதுங்கி நின்றேன். செங்கோடன் அங்கே நாள் முழுவதும் போய் வந்துகொண்டிருந்தார்.

அந்த எஞ்சின் எண்ணெயில்தான் நீர் வந்தது.

பணித்தள மேலாளர் சுப்பராயனுக்கு ஐப்பசி மழை வருவதற்குள் வளைவை முடித்தாக வேண்டும். மழை விழுந்தால் வெட்டிய சரிவு இறங்கிவிடும். அதுவரை செய்தது வீண். அவருடைய அவசரம் நியாயமானது. அதை நான் அன்றும் மறுக்கவில்லை. "நிறுத்து" என்று எழுதிய தாளை அவர் படித்துவிட்டுச் சிரித்தார்.

"சார், நீங்க அடிவாரத்துல குடியிருக்கீங்க. மேல வந்து ஒரு வாரம் இருந்து பாருங்க. வெச்ச உப்பு தண்ணியாப் போவுது. தீப்பெட்டி உரசுனா பத்த மாட்டேங்குது. மேகம் கூடாரத்துக்குள்ளயே வந்து படுத்துக்குது. அந்த ஊர்ல எண்ணெய்ல ஈரம் இருக்குதுன்னு கண்டுபிடிக்க ஒரு எம்.எஸ்ஸி. வேணுமா?"

அவர் வாதத்திலும் பொருள் இருந்தது. இரவில் குளிரும் எஞ்சினுக்குள் ஈரக்காற்று நீராகப் படிவது உண்டு. அந்த நீர் எஞ்சின் சூடானதும் பெரும்பாலும் ஆவியாகிப் போகும்; அது பெரிய ஆபத்தில்லை. ஆனால் நீர் ரேடியேட்டரிலிருந்து உள்ளே கசிந்து வந்தால் கதை வேறு. கசிவு நாளுக்கு நாள் பெருகும். எண்ணெய் தன் வழுவழுப்பை இழக்கும். பேரிங் அரிக்கப்படும். ஒரு நாள் எஞ்சின் இறுகும். சாம்பலில் நான் கண்ட செம்பின் நீலம் அது தொடங்கிவிட்டது என்று சொன்னது. "புது பேரிங் பழகறப்ப செம்பு வரத்தான் செய்யும்" என்றார் சுப்பராயன். அதுவும் நடப்பதுதான்.

எளிய வழி ஒன்று இருந்தது. ரேடியேட்டரில் நீர் குறைகிறதா என்று கேட்பது. செங்கோடனிடம் கேட்டேன்.

"ஒரு சொட்டு குறையலீங்க" என்றார். சொல்லும்போது மோர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் வேதநாயகம் வந்தார். சுப்பராயனும் உடன் இருந்தார். வேதநாயகம் மாதிரியை முகர்ந்தார், தேய்த்தார், துடைத்தார், படித்தார்.

"நீர் இருக்கு. ஒத்துக்கறேன். எங்கிருந்து வந்தது?"

"ரேடியேட்டரிலிருந்து என்று கருதுகிறேன்."

"கருதறீங்க." சிவப்புப் பென்சில் தாள்மேல் நின்றது, அடிக்கவில்லை. "மேகத்துத் தண்ணியா, ரேடியேட்டர் தண்ணியா? ரெண்டுக்கும் வித்தியாசம் காட்டுங்க. காட்டினா நான் நிறுத்தறேன். எஞ்சினைப் பிரிச்சு, உள்ள ஒண்ணும் இல்லைன்னா மழைக்கு முன்னாடி திரும்பப் பூட்ட முடியாது. அப்ப இந்த வேலைக்கு நீங்களும் நானும் பதில் சொல்லணும்."

சமவெளியாக இருந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் காட்டியிருப்பேன். நாமக்கல் பக்கத்துக் கிணற்று நீரில் உப்பும் சுண்ணாம்பும் உண்டு; மேகத்து நீரில் இரண்டும் இல்லை. எண்ணெயிலிருந்து பிரிந்த நீரில் உப்பு இருந்தால் அது ரேடியேட்டர் நீர். ஆனால் மலைமேல் ரேடியேட்டருக்கு ஊற்றியது ஓடை நீர். அதைச் சோதித்தபோது காய்ச்சி வடித்த நீருக்கும் அதற்கும் என் மருந்துகளால் வேறுபாடு காண முடியவில்லை. அவ்வளவு தூய நீர். கொல்லிமலை ஓடையின் தூய்மையைக் குறையாகக் கருதிய ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன்.

மாதிரியை மிதமாகச் சூடாக்கி உயரமான கண்ணாடிக் குவளையில் தெளிய விட்டேன். மறுநாள் எண்ணெய் மேலே, நீர் அடியில். அந்த நீர் இலேசான மஞ்சள் நிறமாகத் தெரிந்தது. ஓடிய எண்ணெயிலிருந்து இறங்கும் அமிலங்களும் நீருக்கு அந்த நிறத்தைத் தரும் என்பதால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உப்புச் சோதனையை மறுபடி செய்தேன். மறுபடியும் உப்பு தெரியவில்லை. மேசையில் சிந்திய அடிநீரை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துத் துவைக்கப் போட்டேன். மலைமேல் வேலை நடந்துகொண்டிருந்தது.

அடுத்த நாள் முற்பகல் கமலம் பின்கட்டிலிருந்து கூப்பிட்டாள்.

"ஏனுங்க, சமையக்கட்டுத் துணியை எடுத்தா உங்க மேசையைத் துடைச்சீங்க?"

"இல்லையே. ஆய்வகத் துணி. புதிது."

"புதுசுல எப்படிங்க மஞ்சக் கறை வரும்?"

துணிக்கொடியில் அந்தத் துணி ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு.

"சோப்புப் போட்டேன், சிவந்துபோச்சு" என்றாள். "சாம்பார்க் கறைத் துணிக்குப் போட்டா இப்படித்தானுங்க சிவக்கும். எண்ணெய்க்குச் சிவக்குமா?"

எண்ணெய்க்குச் சிவக்காது. எண்ணெயிலிருந்து இறங்கும் எந்த அமிலமும் சோப்புப் பட்டால் சிவக்காது. மஞ்சள் சிவக்கும். நாங்கள் இருவரும் கொடியருகே நின்றோம். அவள் துணியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ரேடியேட்டர்ல மஞ்சத்தூள் போடுவாங்கதானே?" என்று கேட்டாள். "ஒழுகறதை அடைக்க. எங்கண்ணன் லாரிக்கு எத்தனையோ தடவை போட்டிருக்குது. எங்கம்மா திட்டும்."

எனக்கும் அது தெரியும். தமிழ்நாட்டில் வண்டி ஓட்டும் எவருக்கும் தெரியும். ஆனால் எண்ணெயையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு ரேடியேட்டரில் என்ன போடுவார்கள் என்று நினைக்கத் தோன்றவில்லை. ரேடியேட்டரில் போட்டது எண்ணெயின் அடியில் கிடந்தால், நடுவே ஒரு வழி திறந்திருக்கிறது என்றுதான் பொருள். மேகத்தில் மஞ்சள் இல்லை.

சேலத்துக்கு ஆள் அனுப்பினேன். வேதநாயகம் மறுநாளே வந்தார். துணியைக் காட்டினேன். நெற்றிக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். சுப்பராயன், "செங்கோடன் கையில குழம்பு ஒட்டியிருக்கும் சார். சாப்பிட்ட கையோட குப்பியைத் தொட்டிருப்பான்" என்றார். அதை மறுக்க என்னிடம் ஆதாரமில்லை. வேதநாயகம் என்னைப் பார்த்தார்.

"நானே எடுக்கிறேன்" என்றேன். "எல்லோர் முன்னாலும்."

கமலம் கழுவிய புதுக் குப்பிகளை எடுத்துக்கொண்டு மலை ஏறினோம். காலையில் எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்பே எடுக்க வேண்டும்; இரவெல்லாம் நின்றதால் நீர் அடியில் இறங்கியிருக்கும். வளைவில் மேகம் அப்போதும் கலையவில்லை. மண் சுமக்கும் மலைப்பெண்கள் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்தார்கள். செங்கோடன் புல்டோசருக்குப் பக்கத்தில் நின்றார். வாயில் வெற்றிலை இருந்தும் மெல்லவில்லை.

நான் படுத்து எஞ்சினுக்கு அடியில் போனேன். எண்ணெய்த்தொட்டியின் வடிதிருகைச் சுற்றித் துடைத்தேன். துடைத்த துணியைத் தனியே வைத்தேன். திருகைத் தளர்த்தினேன். எண்ணெய்க்கு முன்னால் நீர் வந்தது. பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். வடிகட்டித்தாளில் ஊற்றினேன். நீர் இறங்கியது, தாளில் மங்கிய மஞ்சள் படிவு நின்றது.

சோப்பைப்போல் மஞ்சளைச் சிவக்க வைக்கும் காரமாகச் சலவைச் சோடாவை மறக்காமல் கொண்டுவந்திருந்தேன். ஆனால் என் பையிலிருந்து எதை எடுத்தாலும் அது என் மருந்தின் வேலை என்று சுப்பராயன் சொல்லக்கூடும்.

"செங்கோடன், உங்கள் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொடுங்கள்" என்றேன்.

அவர் மடியிலிருந்து சுண்ணாம்பு டப்பாவை எடுத்துக் கொடுத்தார். அதில் பாக்கின் சிவப்பு கலந்திருந்தால் சோதனையே பாழ். ஆகவே முதலில் இன்னொரு தாளை ஓடை நீரில் நனைத்து அதன்மேல் சுண்ணாம்பைத் தடவினேன். வெள்ளையாகவே இருந்தது. எல்லோருக்கும் காட்டினேன். வேதநாயகம் தலையசைத்தார். பிறகு எஞ்சின் தாளின் மேல் தடவினேன்.

தாள் சிவந்தது. கொஞ்சமாக அல்ல, விளிம்புவரை.

கூடைமேல் உட்கார்ந்திருந்த பெண் ஒருத்தி, "அட, மிசினுக்கு ஆரத்தி எடுக்கறாங்கடி!" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தக் காலை நேரத்தில் சிரித்தவர்கள் அவர்கள் மட்டுமே.

வேதநாயகம் செங்கோடனிடம் திரும்பினார். "எப்ப போட்டீங்க?"

செங்கோடன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "ஆடி கடைசியிலீங்க. தெனமும் தண்ணி கொறஞ்சுதுங்க. வெளிய ஒரு சொட்டு காணலை. எங்கியோ ஊசிமுனை ஓட்டை, நம்ம மஞ்சத்தூளு அடைச்சுப்போடும்னு நெனச்சனுங்க. ஒரு புடி போட்டேன். கேக்கலை. இன்னொரு புடி போட்டேன்."

"எங்ககிட்ட ஏன் சொல்லலை?"

"முன்னால இருந்த டிரைவரு ரேடியேட்டரை ஒடச்சுப்புட்டான்னு ஊட்டுக்கு அனுப்பிச்சாங்களே சாமி. நானும் ஒடச்சேன்னு எழுதிப்புட்டீங்கன்னா? எனக்கு மூணும் பொட்டைப் புள்ளைங்க."

வேதநாயகம் பள்ளத்தின் விளிம்பைப் பார்த்தார். முந்தின நாள் மாலை புல்டோசர் கடைசியாகப் பின்வாங்கிய தடம் அங்கே இருந்தது. பிறகு சொன்னார்: "மஞ்சள் போட்டது தப்பில்லை. சொல்லாம விட்டதுதான் தப்பு. அதையும் நாங்கதான் சொல்லிக்கொடுத்திருக்கோம், ஆளை ஊட்டுக்கு அனுப்பி." சுப்பராயனிடம், "நிறுத்துங்க" என்றார். பின்னர் எஞ்சினைக் கழற்ற ஆட்களைத் திரட்டி முன்னால் நின்றவர் சுப்பராயன்தான் என்பதையும் சொல்ல வேண்டும்.

எஞ்சின் பிரிக்கப்பட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். சிலிண்டரின் உள்குழாயான லைனரின் அடியில் நீர் உள்ளே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம் ஒன்று கல்லாக இறுகி, ஓரிடத்தில் பிளந்திருந்தது. பிளவின் வாயில் மஞ்சள் தூள் பசைபோல் அப்பியிருந்தது, அடைக்கத்தான் முயன்றிருக்கிறது. நடுப் பேரிங்குகளில் இரண்டு செம்பு தெரியுமளவுக்குத் தேய்ந்திருந்தன. பிரித்த மெக்கானிக் ஒன்றை விரலால் தடவிவிட்டு, "இது ஐப்பசியைப் பார்த்திருக்காதுங்க" என்றார். செங்கோடன் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். நெடுநேரம் திருப்பிக் கொடுக்கவில்லை.

புதிய வளையமும் பேரிங்கும் பூட்டி, மழைக்குச் சற்று முன்பு வளைவு முடிந்தது. கடைசி மண்ணைக் கொட்டிவிட்டுப் புல்டோசரைப் பின்வாங்கியதும் செங்கோடன்தான்.

அறிக்கையைக் கவனமாக எழுதினேன். "இருக்கலாம்" எங்கும் இல்லை. வேதநாயகம் அதை எங்கள் முன்னறையில் நின்றபடி படித்தார். ஓர் இடத்தில் நின்றார்.

"மஞ்சள் கலப்பு கண்டறியப்பட்டதுன்னு எழுதியிருக்கீங்க. யாரால?"

"துணி துவைக்கும்போது…"

"யார் துவைச்சது?"

"என் மனைவி."

அவர் சிவப்புப் பென்சிலை எடுத்தார். அந்த வரியின் ஓரத்தில், அவருடைய சிறிய, நேரான எழுத்தில் எழுதினார்: "முதலில் கண்டவர்: திருமதி கமலம்." பிறகு நடுக்கதவின் பக்கம் திரும்பி, சற்றே குரலை உயர்த்தி, "நன்றிம்மா" என்றார். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. பிறகு, "ஏனுங்க, அவருக்கு மோர் வேணுமான்னு கேளுங்க" என்று பதில் வந்தது. அன்று வேதநாயகம் எங்கள் வீட்டில் முதன்முறையாக உட்கார்ந்தார்.

அடுத்த வாரம் சேலத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஓடை நீர் ஊற்றப்படும் எல்லா எஞ்சின்களிலும் ரேடியேட்டரில் சிறிதளவு மஞ்சள் தூள் சேர்க்கப்பட வேண்டும், எண்ணெயின் அடிநீர் சுண்ணாம்பால் சோதிக்கப்பட வேண்டும், சிவந்தால், நிறுத்து. ஒளித்துச் செய்த கைவைத்தியம் எங்கள் சோதனை முறையாயிற்று. அதன்பின் மலையில் நீர்க்கசிவு எதையும் நாங்கள் தாமதமாகக் கண்டதில்லை. செங்கோடன் மாதிரி கொண்டுவரும்போதெல்லாம், "நம்ம கண்டுபிடிப்பு எப்படியிருக்குதுங்க?" என்று கேட்பார். கமலம் உள்ளிருந்தே, "யாரு கண்டுபிடிப்பு?" என்பாள். இந்தச் சண்டை நாங்கள் முள்ளுக்குறிச்சியை விட்டு மாற்றலாகும்வரை முடியவில்லை.

பிற்பாடு பெரிய இயந்திரங்களைப் பார்த்தேன். பெரிய ஆய்வகங்களுக்குப் பொறுப்பேற்றேன். என் பணியில் எதைப் பற்றிப் பெருமைப்படுகிறீர்கள் என்று யாரேனும் கேட்டால், ஓரம் வரை சிவந்த அந்தத் தாளைச் சொல்வேன். அது ஒரு மனிதரை உயிரோடு மலை இறங்க வைத்தது.

இளம் பொறியாளர்களுக்கு என் பதில் இதுதான். உங்கள் தாளில் உள்ள எண்கள் சரியானவை. ஆனால் எண்ணெய் எங்கெங்கே போய் வந்தது, அங்கே யார் என்ன போட்டார்கள், எதை உங்களிடம் சொல்ல அஞ்சினார்கள் என்பது அந்தத் தாளில் வராது. அதைத் தெரிந்துகொள்ள இயந்திரம் நிற்கும் இடத்துக்குப் போங்கள். ஓட்டுபவர் தயங்காமல் உண்மை சொல்லும்படி நடந்துகொள்ளுங்கள். உங்கள் வீட்டில் உங்களைவிடக் கூர்மையான கண் இருந்தால் அதன் பெயரை அறிக்கையில் எழுதுங்கள். கடைசியில், மூன்றில் ஒரு சொல்லை எழுதுங்கள்.

இன்னும் செய்யாமல் நிற்பவை:

பொறியாளர்கள் கேட்டபடி, எந்த உலோகம் எவ்வளவு வந்தால் நிறுத்துவது என்னும் அட்டவணை. அப்படி ஓர் அட்டவணை ஏன் போதாது என்ற விளக்கத்தோடு எழுதித் தர வேண்டும்.

செங்கோடனின் இளைய மகளுடைய மகனுக்குக் கல்யாணம், அழைப்பு வந்திருக்கிறது. செங்கோடன் கைத்தடியோடு தாமே வந்து வாசலில் நின்று கொடுத்தார். போக வேண்டும்.

கொல்லிமலைக் காலத்து வடிகட்டித்தாள்களை ஆய்வகத்துக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொன்றின் ஓரத்திலும் இயந்திரத்தின் பெயரும் மாதமும் கமலத்தின் கையெழுத்தில் இருக்கின்றன. அந்தத் தாள்கட்டை இன்னும் அவிழ்க்கவில்லை.

இந்த வீட்டுப் பின்கட்டில் உள்ள துணிக்கொடி இப்போது யாருக்கும் பயன்படவில்லை, கழற்றிவிடலாம் என்று மகன் சொல்லியிருக்கிறான்.